ஆலயத்தில் வெண்திரை

ஞாயிறு காலை. ஆலய மணி ஓய்ந்துவிட்டது. பாட்டின் எண் அறிவிக்கப்படுகின்றது. ஒரு வாங்கிலே ஐவர் நிற்கின்றனர். அவர்களிடையே இருப்பனவோ இரண்டே பாட்டுப் புத்தகங்கள். அவற்றுள் ஒன்றின் அட்டை கழன்றுவிட்டது. மற்றையதில் வேண்டிய பக்கத்தையே காணவில்லை. பெரியவர் ஒருவர் புத்தகத்தைக் கைக்கெட்டிய தூரத்துக்கு அகற்றிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கின்றார். பிறகு அதனை மூடிவிட்டு, நினைவில் நின்ற முதலடியை மட்டும் பாடி, எஞ்சியதை உதட்டசைவினாற் சமாளிக்கின்றார். அருகே நிற்கும் பேரப்பிள்ளை கைத்தொலைபேசியிலே பாட்டைத் தேடுகின்றது. தேடி முடியுமுன் பாட்டே முடிந்துவிடுகின்றது.

அன்று மதிய உணவு வேளையில் வீட்டிலே விவாதம் எழுகின்றது. "முன்னாலே ஒரு திரையைக் கட்டிப் பாட்டைப் பெரிய எழுத்தில் விழுத்தினால் எல்லோரும் பாடலாமே, அப்பு" என்கின்றனர் இளையோர். "கோயிலைப் படமாளிகை ஆக்கப் போகிறீர்களோ?" என்று கேட்கின்றார் முதியவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கண் மங்கியவர்க்கு எழுத்தைக் காட்டுதல் அன்பின் பணி. ஆனால் வழிபாட்டுக்கென்று அமைந்த இடத்தின் அமைதியைக் குலைத்தல் பெரும் பிழை. எழுத்தும் தெரிதல் வேண்டும். அமைதியும் கெடாதிருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம்?

பல ஆலயங்களில் இக்கேள்வி முறையாக ஆராயப்படுவதில்லை. அன்பளிப்பாகக் கொஞ்சம் பணம் சேருகின்றது. கடைக்காரர் ஒருவர் ஒரு கருவியைப் புகழ்ந்து பேசுகின்றார். அடுத்த திருநாளுக்குள் அது சுவரில் ஏறிவிடுகின்றது. முதலாம் ஞாயிறு எல்லோர்க்கும் வியப்பு. மூன்றாம் ஞாயிறு, கடைசி வாங்கில் இருப்பவர்க்கு ஒன்றுந் தெரியவில்லையென்ற முறைப்பாடு. ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த காணிக்கை மங்கலான ஒரு நீல வெளிச்சமாய்ச் சுவரிலே கிடக்கின்றது. ஆழமறியாமற் காலை விடலாகாது என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டும் அன்று. ஆகவே, ஆலய சபையாரும் குடும்பத்தாரும் மாணவரும் இவ்விடயத்தின் அடிப்படையை அறிந்துகொள்ளுதல் நன்று.

புதுமை அன்று

ஆலயத்தில் ஒளிப்படம் காட்டுதல் நேற்றுத் தோன்றிய வழக்கமெனப் பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒல்லாந்து தேசத்து அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டளவில் மாயவிளக்கு என்னும் கருவியை வரைந்து அமைத்தார். கண்ணாடியிலே தீட்டிய சித்திரத்தை விளக்கொளியும் வில்லையுங் கொண்டு சுவரில் பெரிதாக்கிக் காட்டுவது அது. இயேசு சபைக் குருவான அத்தனாசியுஸ் கிர்ச்சர், ஒளியையும் நிழலையும் பற்றித் தாம் எழுதிய பெருநூலின் 1671ஆம் ஆண்டுப் பதிப்பில் இம்மாயவிளக்கைப் படத்துடன் விளக்கினார். அப்படத்திலே சுவரில் விழுவதாகக் காட்டப்பட்டிருப்பது தீச்சுவாலையின் நடுவே நிற்கும் ஓர் உருவமாகும்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே இரட்சணிய சேனையார் 1892ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு பிரிவை ஏற்படுத்தினர். சுட்ட சுண்ணாம்புக் கட்டியைக் கடுஞ்சுவாலையால் வெண்மையாய் ஒளிரச் செய்து, அவ்வொளியைக் கொண்டு படங் காட்டியமையால் அதற்குச் 'சுண்ணாம்பொளிப் பிரிவு' என்ற பொருள்படும் பெயர் வழங்கிற்று. 1900 செப்டெம்பர் 13ஆந் திகதி மெல்பேண் நகர மண்டபத்தில் 'சிலுவையின் வீரர்' என்னும் பொருளில், கண்ணாடிப் படங்களும் சிறு சலனப் படங்களும் இசையும் உரையுங் கலந்த நிகழ்ச்சியை அவர்கள் நடத்தினர். பின்னாளில் ஒளிபுகும் தாளில் எழுதித் தலைக்கு மேலாக விழுத்தும் கருவி பாடசாலைகளிலிருந்து ஆலயங்களுக்கும் வந்தது. 1987இல் லரி ஹோர்ன்பெக் என்னும் அமெரிக்கர், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கண்ணாடிகள் இலட்சக்கணக்கில் அசைந்து படத்தை உண்டாக்கும் சில்லை ஆக்கினார். இன்று நாம் புரொஜெக்டர் என்றழைக்கும் கருவிகளிற் பல அந்த வழியிலே வந்தவை.

கருவி மாறிற்று, கேள்வி மாறவில்லை. காட்டுவது எதை? யாருக்கு? எவ்வளவு தெளிவாக?

முதற் கேள்வி

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னர், எதற்காக என்று கேட்டல் வேண்டும். பாட்டின் அடிகளும் வேத வாசகமும் மட்டும் போதுமா? படங்களும் சலனக் காட்சிகளும் வேண்டுமா? தூணுக்குப் பின்னால் இருப்போர்க்குக் குருவானவரின் முகத்தைக் காட்ட வேண்டுமா? வெளியே பந்தரில் நிற்போர்க்கு உள்ளே நடப்பதைக் காட்ட வேண்டுமா? இவை நான்கும் வெவ்வேறு தேவைகள். எழுத்துக்கு நிறத் துல்லியம் அவ்வளவு வேண்டியதில்லை. தெளிவும் அளவுமே வேண்டும். சலனக் காட்சிக்கோ இருளும் நிறமும் வேண்டும். வெளிப்பந்தருக்குப் பகலொளியை வெல்லும் வலிமை வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கருவியென வாங்கப் புகுந்தால் ஒன்றுக்கும் உதவாத ஒன்றே வந்து சேரும்.

எழுத்தின் அளவு

பழுதற்ற கண், ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு கோணத்தை அடைக்கும் எழுத்தை மட்டுமட்டாக இனங்காணும். ஆனால் மட்டுமட்டாகத் தெரியும் எழுத்தைக் கொண்டு பாட்டுப் பாட முடியாது. அதன் மும்மடங்கு அளவாயின் முதியவரும் வருத்தமின்றி வாசிப்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆலயத்தின் கடைசி வாங்கு திரையிலிருந்து 18 மீற்றர் தூரத்தில் உள்ளதெனக் கொள்வோம். அங்கிருந்து பார்ப்பவர்க்கு மட்டுமட்டாகத் தெரியும் எழுத்தின் உயரம் இரண்டரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். நன்றாய்த் தெரிய வேண்டுமாயின் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் வேண்டும். இது கொம்பும் விசிறியும் நீங்கலாக, எழுத்தின் உடலுக்கு மட்டும் சொன்ன அளவு.

திரைக்கும் ஓர் எளிய கணக்குண்டு. கடைசி வாங்கின் தூரத்தை எட்டால் வகுத்தால் வருவது படத்தின் ஆகக் குறைந்த உயரம். சிறிய எழுத்துகள் நிறைந்த பத்திரங்களைக் காட்டுவதாயின் ஆறால் வகுத்தல் நன்று. நம் ஆலயத்தில் 18 மீற்றரை எட்டால் வகுக்க, 2.25 மீற்றர் வருகின்றது. இக்காலத்துப் படங்களின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்னும் விகிதத்தில் உள்ளமையால் அகலம் 4 மீற்றராகும். பரப்பளவு 9 சதுர மீற்றர். அதிலே ஆறு வரிகள் மட்டும் இட்டால் ஒவ்வோர் எழுத்தின் உடலும் 12 சென்ரிமீற்றர் அளவு அமையும். தேவைக்கு மேல் வசதியுண்டு.

தொலைக்காட்சிப் பெட்டியொன்றை முன்னாலே மாட்டிவிட்டாற் போதாதா எனச் சிலர் கேட்பர். 75 அங்குலப் பெட்டியின் திரை உயரம் ஏறக்குறைய 93 சென்ரிமீற்றர். எட்டாற் பெருக்கினால் ஏழரை மீற்றர். அதற்கப்பால் இருப்பவர்க்கு அஃது அலங்காரமே அன்றிப் பயனுடையது ஆகாது. ஆயினும் சிறு செபக்கூடங்களுக்கு அதுவே சாலச் சிறந்தது. நீண்டு ஒடுங்கித் தூண்கள் நிறைந்த ஆலயங்களிலும், ஏழு மீற்றருக்கு ஒன்றாகத் தூண்களின் ஓரத்திலே இத்தகைய பெட்டிகளை அமைத்தல் பெருந்திரையொன்றைத் தொங்கவிடுவதினும் மேலானது.

ஒளியும் இருளும்

மக்கள் பெரிதும் ஏமாறும் இடம் இதுவே. புரொஜெக்டர் வெள்ளையை விழுத்தும், கருமையை விழுத்தாது. கருமை என்று நாம் காண்பது அக்கருவி ஒளி விழுத்தாது விட்ட இடத்தை. அவ்விடத்திலே யன்னல் வழியாகவும் திறந்த கதவு வழியாகவும் வந்த வெளிச்சம் ஏற்கெனவே விழுந்திருக்குமாயின், அங்கே கருமை எப்படி வரும்? எழுத்தும் பின்புலமும் ஒன்றாய் வெளிறிப்போகும்.

கருவியின் ஒளிவலிமையை லூமென் என்ற அலகாலும், பரப்பின்மீது விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகாலும் அளப்பர். லூமென்னைச் சதுர மீற்றராற் பிரித்தால் லக்ஸ் கிடைக்கும். வெள்ளைக்கும் கருமைக்கும் இடையே இருக்கவேண்டிய வேறுபாட்டைப் பற்றி 2011இல் அமெரிக்காவில் ஒரு தரவரையறை வெளியாயிற்று. அதன்படி, வெறுமனே பார்த்திருப்பதற்கு 7 மடங்கும், வாசித்து விளங்கிக்கொள்வதற்கு 15 மடங்கும், சலனப் படத்துக்கு 80 மடங்கும் வேறுபாடு வேண்டும்.

பாட்டை வாசிக்க 15 மடங்கு போதுமென்று கொள்வோம். திரையின் மீது ஏற்கெனவே விழும் பகல் வெளிச்சம் 40 லக்ஸ் ஆயின், கருவி தரவேண்டியது அதன் பதினான்கு மடங்கு, அதாவது 560 லக்ஸ். 9 சதுர மீற்றருக்கு 5040 லூமென். இஃது இடைத்தரக் கருவியொன்றினால் இயலும் காரியம். அதே திரையில் 100 லக்ஸ் பகல் வெளிச்சம் விழுமாயின், வேண்டியது 12,600 லூமென்! கருவியின் விலை பன்மடங்காகிவிடும். ஆனால் யன்னலொன்றுக்குத் தடித்த சீலை தைப்பதற்கு எவ்வளவு செலவாகும்? சிந்தித்துப் பாருங்கள். பணம் செலவிடுமுன் வெளிச்சத்தை மறைக்க வழி தேடுங்கள். திரைக்கு மேலே எரியும் மின்விளக்கை வேறிடத்துக்கு மாற்றுங்கள். அல்லது அதன் ஒளி திரையில் விழாதபடி ஒரு மறைப்பு வையுங்கள். இரண்டு சிறு காரியங்கள் ஏழாயிரம் லூமென்னை மிச்சப்படுத்தும்.

பலிபீடம் கிழக்கே அமைந்த ஆலயங்களிலே, காலை வழிபாட்டின்போது திறந்திருக்கும் மேற்கு வாயிலினூடாக வானத்து வெளிச்சம் திரையில் விழும். மாலை வழிபாட்டிலோ சூரியனே நேராக உள்ளே வந்துவிடும். ஆதலால் வெளிச்சத்தை அளப்பவர் வழிபாடு நடக்கும் அதே வேளையில் அளத்தல் வேண்டும். கைத்தொலைபேசிச் செயலிகள் சில லக்ஸ் அளவை அண்ணளவாகக் காட்டும். திட்டமிடலுக்கு அது போதும்.

ஓர் எச்சரிக்கை. மலிவான கருவிகளின் பெட்டிகளிலே அச்சிடப்பட்டிருக்கும் லூமென் எண்ணை அப்படியே நம்பாதீர். ஆன்சி முறையிலோ ஐ.எஸ்.ஓ. 21118 என்னும் தரத்தின்படியோ அளந்த எண் யாதெனக் கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லத் தயங்குவாராயின் நீங்களும் வாங்கத் தயங்குங்கள்.

எவ்வகைக் கருவி?

புரொஜெக்டர்கள் இருவகை. குமிழுள்ளது ஒன்று; லேசர் ஒளியுள்ளது மற்றையது. குமிழின் ஆயுள் கருவிக்கேற்ப இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் மணி வரை. லேசரின் ஆயுளோ 20,000 மணியளவு. "ஆயுள் நீண்டதையே வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். ஆனால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாவிக்கும் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 156 மணி நேரமே ஆகின்றது. மூவாயிரம் மணி நேரக் குமிழ், மணிக்கணக்கின்படி பார்த்தால், 19 ஆண்டுகளுக்குப் போதும். லேசர் 128 ஆண்டுகளுக்கு வரும்! ஆகவே ஆயுளைக் காட்டி லேசரை விற்பது வெறும் பேச்சு. லேசரின் மெய்யான நன்மைகள் வேறு. போட்டவுடன் எரியும், அணைத்தவுடன் மீண்டும் போடலாம், திடீரென மின்சாரம் நின்றாலும் குமிழைப்போற் சூடேறி வெடிக்கும் அச்சம் இல்லை, பாதரசமும் இல்லை. மின்வெட்டைக் கண்டு பழகிய நம் நாட்டுக்கு இக்குணங்களே முக்கியமானவை.

மூன்றாவது வகை, ஒளியுமிழ் சிறுவிளக்குகளை நெருக்கமாய் அடுக்கிய எல்.ஈ.டி. சுவர். மேலே சொன்ன ஐயாயிரம் லூமென் கருவி, சாதாரண வெண்திரையில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 177 கான்டெலா பிரகாசத்தையே தரும். உள்ளரங்க எல்.ஈ.டி. சுவர் 600 கான்டெலாவுக்கும் மேலே தரவல்லது. அதன் கருமையும் கருமையாகவே நிற்கும். பகலொளி நிறைந்து, சீலையிட்டு மறைக்க முடியாத ஆலயத்துக்கு இதுவே தக்கது. வாங்கும்போது சிறுவிளக்குகளின் இடைவெளியைப் பார்த்தல் வேண்டும். முன்வரிசை திரையிலிருந்து எத்தனை மீற்றரோ, இடைவெளி அத்தனை மில்லிமீற்றருக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் கணக்கு. முன்வரிசை 4 மீற்றரில் உள்ளதாயின் 3.9 மில்லிமீற்றர் போதும். அதனினும் நெருக்கமானதை வாங்குதல் வீண் செலவு. எனினும் அதன் பாரம், மின்செலவு, பழுதுபார்க்கும் செலவு ஆகிய மூன்றையும் மறந்துவிடலாகாது. புரொஜெக்டர் சில நூறு உவாற்று மின்சாரத்தோடு அமையும். அதே அளவான எல்.ஈ.டி. சுவருக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கும். பழைய சுவர் அப்பாரத்தைத் தாங்குமா என்று பொறியியலாளரொருவர் பார்த்துச் சொல்லுதல் வேண்டும்.

எங்கே அமைப்பது?

ஆலயத்தின் நடுநாயகமாய் இருக்கவேண்டியது பலிபீடம். கத்தோலிக்க திருச்சபையின் திருப்பலிப் பொதுப் போதனையும், மக்கள் அனைவரின் கவனமும் இயல்பாகத் திரும்பும் மையமாகப் பலிபீடம் அமைய வேண்டும் என்றே விதிக்கின்றது. சிலுவையையும் சித்திரக் கண்ணாடி யன்னலையும் மறைத்துத் திரையைத் தொங்கவிடுதல் தகாது. இருபுறமும் ஒவ்வொன்றாக அமைப்பது ஒரு வழி. நடுவே வேண்டுமாயின், வேண்டியபோது இறங்கி வேண்டாதபோது சுருண்டுகொள்ளும் திரை இன்னொரு வழி.

உயரத்தைப் பற்றி ஒரு நுட்பமுண்டு. படமாளிகையில் மக்கள் இருந்து பார்ப்பர்; ஆலயத்திலோ பாடும்போது எழுந்து நிற்பர். இருக்கும் நிலையில் அளந்து அமைத்த திரையின் கீழ்வரிகள், எல்லோரும் எழுந்தவுடன் முன்னிற்போரின் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே படத்தின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 2 மீற்றருக்கு மேலே இருத்தல் வேண்டும். அதேவேளை முன்வரிசையில் நிற்பவர் படத்தின் மேல்விளிம்பைக் காண 35 பாகைக்கு மேல் அண்ணாந்து பார்க்கும்படி வைத்தலாகாது. நம் கணக்கிலே கீழ்விளிம்பு 2.2 மீற்றர் உயரத்தில் நின்றால், முன்வரிசை நாலேகால் மீற்றராவது பின்னே தள்ளியிருத்தல் வேண்டும்.

கருவியைத் தூக்கும் தூரத்தையும் கணித்தல் வேண்டும். கருவிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தாற் பிரித்து வரும் எண்ணை உற்பத்தியாளர் குறித்திருப்பர். அது 1.5 ஆயின், 4 மீற்றர் அகலப் படத்துக்குக் கருவி 6 மீற்றர் தூரத்தில் நிற்கும். அங்கே கூரை வளை உண்டா? ஏணி வைத்துத் துடைக்க முடியுமா? அதன் விசிறியோசை மௌன செபத்தைக் கெடுக்காதா? சரிவாக வைத்துவிட்டுப் படத்தைக் கணினியால் நேராக்கலாம் என்பர். அங்ஙனம் நேராக்கும்போது எழுத்தின் கூர்மை குறையும். வில்லையையே மேலுங்கீழும் நகர்த்தும் வசதியுள்ள கருவி சிறந்தது.

பழமை வாய்ந்த ஆலயங்களுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களின் தடித்த கல்லுஞ் சுண்ணாம்புச் சாந்துமான சுவர்களைத் துளைத்தால் அக்காயம் ஆறாது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாயின் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கமைய அனுமதி பெறாது எதனையுஞ் செய்யலாகாது. அத்தகைய இடங்களில் நிலத்தில் நிறுத்தும் தாங்கியே ஏற்றது. எதனைப் பொருத்தினும், நாளை கழற்றும்போது சுவடு தெரியாது கழற்றத்தக்கதாய்ப் பொருத்துதல் வேண்டும்.

தமிழெழுத்தின் தனி வழக்கு

வேற்று நாட்டார் எழுதிய வழிகாட்டிகள் பெரும்பாலும் உரோம எழுத்தை மனத்திற் கொண்டவை. நம் எழுத்துக்குத் தனி வழக்குண்டு. தமிழில் மிகச் சிறிய உறுப்பு புள்ளி. புள்ளி தெரியாவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும், சொல்லே மாறிவிடும். ணகரமும் னகரமும், அரவும் ரகரமும் தூரத்திலே ஒன்றுபோலத் தோன்றும். ஆதலால் மெல்லிய கோடுகளும் அலங்கார வளைவுகளுமுள்ள எழுத்துருவைத் தவிர்த்து, தடித்த எளிய எழுத்துருவைத் தெரிவு செய்தல் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. வரிக்கு நாலைந்து சொற்களே கொள்ளும். மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் ஒன்றோடொன்று முட்டாதபடி வரிகளுக்கிடையே தாராளமாய் இடம் விடுதல் வேண்டும். அடியை அதன் சீர் முறியும் இடத்திலே முறித்தெழுதுக. கணினி தன் போக்கில் முறித்தால் பாடுவோர் மூச்சும் முறிந்துபோகும்.

இன்னொரு தொல்லை நம் நாட்டில் எல்லோரும் அறிந்தது. 'பாமினி' முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பாடல்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்க் காட்சி தரும். திருநாளன்று இது நேர்ந்தால் என் செய்வது? யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. பாட்டுகள் அனைத்தையும் அதற்கு மாற்றி ஒருமுறை செப்பஞ்செய்து வைத்தல் ஆலயத்து இளைஞரும் மாணவரும் மனமுவந்து செய்யத்தக்க திருப்பணி. பிழை திருத்துவதற்கு முதியோரைத் துணைக்கழையுங்கள். பாட்டை மனனமாய் அறிந்தவர் அவர்களே.

பின்புலத்தில் ஓடும் மேகமும் விழும் அருவியும் வேண்டாம். கண் அருவியின் பின்னே சென்றால் எழுத்து தனித்துவிடும். ஒரே நிறப் பின்புலம் போதும். பாட்டு முடிந்ததும் திரையை இருளாக்கிவிடுக. செபவேளையில் ஒளிரும் திரை, பேசாதிருக்க வேண்டிய இடத்திலே பேசிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு ஒப்பானது.

மின்சாரமும் காலநிலையும்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றமையை நாம் மறக்கவில்லை. திரையை நம்பிப் பாட்டுப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றிய ஆலயம் இருளோடு மௌனத்தையும் அனுபவிக்கும். ஆகவே புத்தகங்களை ஒருபோதும் அகற்றலாகாது. பாட்டின் எண்ணைத் திரையிற் காட்டுவதோடு வாயாலும் அறிவித்தல் வேண்டும். பார்வையற்றோரும் சபையின் அங்கத்தவரே.

மின்பிறப்பாக்கி உள்ள இடங்களிலே, அதன் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் கருவி கெடாதபடி ஒரு காப்புக் கருவியை இடையே வைத்தல் அவசியம். இடியும் மின்னலும் மிகுந்த நாட்களில் மின்தொடுப்பைக் கழற்றிவிடுதல் நன்று. கடற்கரையோர ஆலயங்களில் உப்புக் காற்றும், மாரியிலே ஈரமும், கோடையிலே புழுதியும் கருவிக்குப் பகை. தூசிவடியை மாதமொருமுறை துப்புரவு செய்யாவிட்டால் ஒளி மங்கும்; சூடேறிக் கருவி தானே நின்றுவிடும். பல்லியும் குளவியும் குடியேற விரும்பும் இடமும் அதுவே. படத்தைக் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. வயர் பதினைந்து மீற்றருக்கு மேல் நீளுமாயின் படம் விட்டுவிட்டு வரக்கூடும். நீண்ட தூரத்துக்கு வலையமைப்பு வயர் வழியாகவோ ஒளியிழை வழியாகவோ கொண்டுசெல்லும் முறைகள் உண்டு.

பாட்டுக்கும் உரிமையுண்டு

புத்தகத்தில் உள்ளதைத் திரையில் இடுவதும் ஒருவகைப் பிரதி எடுத்தலே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோன் வாழுங் காலமும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் ஆக்கத்துக்கு உரிமை நிலைக்கும். 1864இல் மறைந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் காட்ட எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் இன்று வாழும் பாடலாசிரியரின் பாட்டாயின், ஒரு கடிதம் எழுதி அனுமதி பெறுதல் சட்டத்துக்கும் உகந்தது, நன்றியறிதலுக்கும் உகந்தது. இறைவனைப் பாடும் வாயோடு மனிதனின் உழைப்பைக் கவர்தல் பொருந்துமோ?

சைவ ஆலயங்களில்

இவையெல்லாம் கிறித்தவ ஆலயங்களுக்கு மட்டும் உரியன அல்ல. குருபூசை நாளிலே மண்டபத்திற் கூட்டாகத் திருமுறை ஓதும்போது, பாடல் அறியாத பிள்ளைகளுக்குத் திரை பெருந்துணை. ஆயினும் மூலத்தானத்தை நோக்கிய பார்வைக்குக் குறுக்கே எந்தத் திரையும் நிற்றலாகாது. தூண்டாமணி விளக்கின் ஒளியிலே காணவேண்டிய திருவுருவத்தின் பக்கத்தில் மின்னொளிச் சுவரொன்று நிற்குமாயின் கண் எதை நாடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓதும் மண்டபத்தின் பக்கச்சுவரே அதற்குரிய இடம். வெளிவீதியிலே திருவிழாக் கூட்டத்துக்குக் காட்டுவதாயின், வெயிலை வெல்ல வெளியரங்க எல்.ஈ.டி. சுவரே வேண்டும்; சதுர மீற்றருக்கு ஐயாயிரம் கான்டெலா அளவு பிரகாசமுள்ளதைத் திருவிழா நாட்களுக்கு மட்டும் வாடகைக்குப் பெறுதல் சிக்கனமானது.

கடைசி வாங்கிலே ஒரு பரீட்சை

ஈற்றில் ஒரு யோசனை. ஒரு சதமேனும் செலவிடுமுன் மட்டையொன்றில் பாட்டின் ஓரடியை 8 சென்ரிமீற்றர் உயரத்திலும், இன்னொன்றில் 12 சென்ரிமீற்றர் உயரத்திலும் எழுதித் திரை வரவிருக்கும் இடத்திலே கட்டுங்கள். சபையின் வயது முதிர்ந்த ஒருவரைக் கடைசி வாங்கில் நிற்கச் செய்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த மட்டை அவருக்கு வருத்தமின்றித் தெரிகின்றதோ அதுவே உங்கள் அளவு. பிறகு ஒரு ஞாயிறு மட்டும் கருவியொன்றை வாடகைக்கு எடுத்து, வழிபாடு நடக்கும் அதே வேளையில், கதவுகள் திறந்திருக்கும் அதே நிலையில் காட்டிப் பாருங்கள். மூன்று இடங்களில் விலை கேளுங்கள். விலையோடு பழுதுபார்ப்போர் எங்கே உள்ளனர் என்பதையும் கேளுங்கள். கருவியை இயக்கப் பழகியவர் ஒருவரல்லர், மூவராவது இருக்கும்படி செய்யுங்கள்.

சபையிலே தீர்மானம் எடுக்கும்போது முன்வரிசையில் இருப்போரின் சொல்லே பெரும்பாலும் எடுபடும். இவ்விடயத்தில் மட்டுமாவது கடைசி வாங்கில் இருப்பவர் தீர்ப்பளிக்கட்டும். கைக்கெட்டிய தூரத்துக்குப் புத்தகத்தை அகற்றிப் பிடித்துப் பின் மூடிவைத்த அந்தப் பெரியவர், அடுத்த ஞாயிறு இரண்டாம் அடியையும் மூன்றாம் அடியையும் வாய்விட்டுப் பாடுவாராயின், அத்திரைக்குச் செலவிட்ட காணிக்கை ஒரு சதமும் வீண்போகவில்லை.